அவர்கள் ஏன் வருவதில்லை?

கிராமத்துப் பெண்களின் உடல்நலம் பற்றி எங்கே கூட்டம் நடந்தாலும் ஒரு கேள்வி எப்படியாவது வந்துவிடும்: "அவர்கள் ஏன் வருவதில்லை?" சோதனை இலவசம், மருந்து இலவசம், முகாம் ஊருக்குள்ளேயே நடக்கிறது. இருந்தும் ஏன் வருவதில்லை? கேட்பவர்களின் குரலில் அக்கறை இருக்கும். கூடவே ஒரு சலிப்பும் இருக்கும். நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம், இனி அவர்கள் பாடு என்கிற சலிப்பு.

இந்தக் கேள்விக்கு விடை தேடுவது இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடமாகவே இருக்கிறது. மேலாண்மை, பொதுச் சுகாதாரம், வளர்ச்சியியல் படிக்கும் மாணவர்கள் நான்கைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ உள்ள ஒரு மருத்துவமனை அல்லது தொண்டு நிறுவனம் தன் சிக்கலை எழுதிக் கொடுக்கிறது. மாணவர்கள் சில வாரம் அங்கிருந்தபடியே படித்து, சில வாரம் நேரில் வந்து தங்கி, பார்த்து, கேட்டு, கணக்குப் போட்டு, கடைசியில் ஆலோசனை அறிக்கை தருகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராஸ் வணிகப் பள்ளியில் 1992 முதல் இது நடக்கிறது, முதலாண்டு எம்.பி.ஏ. மாணவர்கள் ஏழு வாரம் இதே வேலையாக இருப்பார்கள். எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளி 2008இல் உலகச் சுகாதாரத்துக்கென்றே இப்படி ஒரு வகுப்பைத் தொடங்கியது. லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் முதுகலை மாணவர்களுக்கு இதே போன்ற ஆலோசனைத் திட்டங்கள் உண்டு.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1993இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் பாடமானது. குறைந்த செலவில் இத்தனை அறுவை எப்படி முடிகிறது என்று பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்து மேலாண்மை மாணவர்கள் மதுரைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு மருத்துவர் ஒரு நாளில் எத்தனை கண்களுக்கு அறுவை செய்கிறார் என்பதே அங்கே எல்லோரையும் வியக்க வைக்கும் கணக்கு. பிளஸ் டூ முடித்த கையோடு கிராமங்களிலிருந்து வந்து, பயிற்சி பெற்று, பார்வைச் சோதனையிலிருந்து அறுவை அரங்கு வரை அந்த வேகத்தைத் தாங்கி நிற்பவர்கள் இளம்பெண்கள். வெள்ளைச் சேலையில் வரிசையாக நடந்து போகும் அவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெற்றிக் கதைகளில் பெண்களின் உழைப்பு எந்தப் பத்தியில் வருகிறது என்று தேடுகிற பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

*

2023 ஜூனில் அப்படி ஒரு மாணவர் குழு மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வந்தது. இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், எல்லோரும் முப்பதுக்குள். மூன்று வாரம் தங்கினார்கள். அந்த நிறுவனம் கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சோதனை முகாம்களை நடத்துகிறது. அங்கே வேலை பார்க்கும் தோழி என்னைக் கூப்பிட்டாள். "ஒனக்கு லீவுதானே? மூணு வாரம் வந்து மொழிபெயர்த்துக் குடு. ஆம்பளைய நடுவுல உக்கார வச்சுக்கிட்டு இதையெல்லாம் எப்படிடீ கேக்குறது?" போனேன்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது. 80,000 பேர் இறந்தார்கள். முன்கூட்டியே கண்டுபிடித்தால் தடுத்துவிடக்கூடிய நோய் இது. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் எளிய சோதனை உண்டு. பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். இந்தச் சோதனை உயிரைக் காக்கும் என்று உலகுக்குக் காட்டிய பெரிய ஆய்வுகளில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் நடந்தது. 2007இல் லான்செட் இதழில் அதன் முடிவுகள் வந்தன: சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் நேரும் மரணம் 35 விழுக்காடு குறைந்திருந்தது. ஆகவே, "அவர்கள் ஏன் வருவதில்லை?" என்பது வெட்டிக் கேள்வி இல்லை. வராமல் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அதில் உயிர் இருக்கிறது.

அந்த நிறுவனத்தின் சிக்கல் இன்னும் குறிப்பானது. முகாமில் முதல் சோதனைக்குப் பெண்கள் ஓரளவு வந்துவிடுகிறார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தவர்களை மறுசோதனைக்கும் சிகிச்சைக்கும் நகரத்து மருத்துவமனைக்கு அனுப்பினால், பாதிக்கு மேல் போவதில்லை. கையில் சீட்டு இருக்கிறது, நோய் வரலாம் என்று தெரிகிறது, சிகிச்சைக்குக் காசும் இல்லை. ஆனாலும் போவதில்லை. இதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்வு சொல்வதுதான் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

நிறுவனத்தில் ஐந்து களப்பணியாளர்கள் இருந்தார்கள். ஐந்து பேரும் பெண்கள், ஐந்து பேரும் அந்தந்த ஊர்க்காரர்கள். மாணவர்கள் யாரைப் பார்க்க வேண்டுமோ அவர்களை வீடுவீடாகப் போய்ப் பேசி இணங்க வைத்தவர்கள் இவர்கள். பேட்டி நடக்கும் வீட்டில் நாற்காலி இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தவர்கள், குடிக்கச் சுடுதண்ணீர் ஆறவைத்து பாட்டிலில் பிடித்துக் கொடுத்தவர்கள், மாணவியருக்கு ஊரில் எந்த வீட்டுக் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவர்கள் எல்லாம் இவர்களே. இவர்களுடைய வழக்கமான வேலையில் அந்த மூன்று வாரமும் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. நிறுவனத்தின் பார்வையில் இது செலவில்லாமல் கிடைத்த ஆலோசனை. பெண்களின் நேரத்தைச் செலவில் எழுதாதவரை எதுவும் செலவில்லாமல் கிடைத்துவிடும்.

*

மொழிபெயர்க்க உட்கார்ந்த முதல் நாளே சொற்கள் என்னை இடறின. மாணவர்களின் தாள்களில் நிறுவனம் 'கிளையன்ட்'. அதாவது வாடிக்கையாளர். கேள்வி அவருடையது, அறிக்கை அவருக்கானது. சோதனைக்கு வரும் பெண் 'பயனாளி'. அரசு அலுவலகங்களில் நாம் நெடுங்காலமாகப் புழங்கும் சொல்தான். பயனை அடைபவள், பெற்றுக்கொள்பவள் என்று பொருள். அந்தச் சொல்லுக்குள் அவள் கேள்வி கேட்க இடமில்லை. களப்பணியாளர் 'ஆதாரங்களில் ஒருவர்', தகவல் தருபவர். ஆக, தன் உடம்பைப் பற்றிய பேச்சில் அந்தப் பெண் மூன்றாவது நபராக இருந்தாள்.

மாணவர்களின் மடிக்கணினியில் ஓர் அட்டவணை இருந்தது. வராததற்கான காரணங்களை நிரப்ப அதில் கட்டங்கள்: விழிப்புணர்வு இன்மை, அச்சம், சமூகக் களங்கம், தூரம், செலவு, மற்றவை. ஒரு பெண் பத்து நிமிடம் பேசுவாள். "மொத வாரம் மகளுக்குப் பேறுகாலம். அடுத்த வாரம் போகலாம்னு பாத்தா வெங்காயம் எடுப்பு. அதை விட்டா வட்டி கட்டக் காசு எங்க இருக்கு? அப்புறம் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். சரி, அது என்ன ஆளையா அடிக்கப்போகுதுன்னு விட்டுட்டேன்." நான் முழுவதையும் சொல்வேன். மாணவர் கவனமாகக் கேட்பார். கேட்டு முடித்ததும், 'விழிப்புணர்வு இன்மை' என்ற கட்டத்தில் ஒரு குறி விழும். கடைசி வாக்கியத்தை மட்டும் அட்டவணை எடுத்துக்கொண்டது. மகளின் பிரசவம், வெங்காய அறுவடை, வட்டி, கணவனின் காய்ச்சல் எல்லாம் அதன் காலடியில் சிந்திவிட்டன.

'கூச்சம்' என்று ஒரு பெண் சொன்னாள். மாணவர்களுக்கு அதற்கு உடனே 'களங்கம்' என்ற கட்டம் தேவைப்பட்டது. இரண்டும் வேறு என்றேன். களங்கம் ஊரார் பூசுவது. கூச்சம் உடம்புக்குள் இருப்பது. அன்பிலும் வரும், அந்நியத்திலும் வரும், மருத்துவர் முகத்தைப் பார்க்காமல் காலை விரிக்கச் சொல்லும்போதும் வரும். அந்தப் பெண் எதைச் சொன்னாள் என்று திரும்பக் கேட்டோம். "போன தடவ பரிசோதிக்கும்போது கதவு தொறந்தே கெடந்துச்சு. ஆளுக போய்வந்துக்கிட்டு இருந்தாக" என்றாள். அட்டவணையில் கதவுக்குக் கட்டமில்லை. ஒரு திரைச்சீலை வாங்கினால் தீரும் சிக்கல், பண்பாட்டுச் சிக்கலாகப் பதிவாக இருந்தது.

நேரமும் அப்படித்தான். முகாம் செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்தரைக்கு. மறுசோதனையும் காலையில்தான். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் கைபேசிச் செயலியில் வருகைப்பதிவு கட்டாயமாகியிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை வேலையிடத்தில் படம் எடுக்க வேண்டும். படத்தில் முகம் இல்லையென்றால் அன்றைய கூலி சிக்கலாகும். இதை ஒரே ஊரில் ஏழு பெண்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். முகாம் நேரத்தை வைத்தவர் யாரும் இதைப் பற்றி அவர்களிடம் கேட்டதில்லை.

இலவசம் என்ற சொல்லே முழு உண்மை பேசுவதில்லை என்பது முன்பே தெரிந்த செய்திதான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த இலவசக் கண் முகாம்கள் பற்றிய ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. கண்ணில் குறையுள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 7 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது அது. வராதவர்கள் சொன்ன காரணங்களில் பயமும் இருந்தது, செலவும் இருந்தது, குடும்பப் பொறுப்பும் இருந்தது. சிகிச்சைக்குக் காசில்லை என்றாலும் பேருந்துக்கு உண்டு, கூட வருபவருக்கு உண்டு, போன கூலிக்கு உண்டு. 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். "அவர்கள் ஏன் வருவதில்லை?" என்பதை "நாம் ஏன் போவதில்லை?" என்று திருப்பிக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பெயரே ஒரு பதில்.

*

இவற்றையெல்லாம் மாணவர்கள் படிப்படியாகப் புரிந்துகொண்டார்கள். கெட்டிக்காரர்கள், உழைப்பாளிகள், நம் ஊர் வெயிலில் மூக்கு உரிந்தும் முகம் சுளிக்காதவர்கள். நேரம், தூரம், கூலி ஆகியவை அவர்களுக்குப் பழக்கமான கணக்குகள். கணக்குக்குள் வராத ஒன்று இரண்டாம் வாரக் கடைசியில் வந்தது.

களப்பணியாளர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்போம். ஐம்பதைத் தாண்டியவர். பதினேழு வருடமாக ஊர் ஊராக நடப்பவர். அன்று மாலை ஒரு வீட்டுத் திண்ணையில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாணவர்களில் ஆண்கள் இருவரும் தேநீர்க்கடைக்குப் போயிருந்தார்கள். அக்கா அவர்கள் போகும் திசையைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "டீச்சர், இப்ப கேளுங்க. இப்பத்தான் சொல்லுவாளுக."

சொன்னார்கள். வெள்ளைத் திட்டு உள்ள இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதன்பின் நாலு வாரம் வரை நீராக வெள்ளைப்படும். புண் ஆறும்வரை, அதாவது அந்த நாலு வாரமும், கணவனோடு சேரக் கூடாது. முடியாத நிலையில் ஆணுறை போட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் செவிலியர் இதை எல்லோரிடமும் சொல்கிறார். சொல்ல வேண்டியதுதான், மருத்துவ விதி அது. முதலில் போய்வந்த இரண்டு பெண்கள் ஊரில் வந்து சொன்னார்கள். அத்தோடு மற்றவர்கள் நின்றுவிட்டார்கள்.

"நாலு வாரம் வேணாம்னு எந்த வாயால சொல்றது டீச்சர்?" என்றாள் ஒருத்தி. முப்பத்தைந்து வயதிருக்கும். "சொன்னா ஒடனே, ஏன், எவன்கிட்டப் போனன்னு கேப்பாரு."

"எம் மாமியா துணியப் பாத்துட்டு, இதென்ன சீக்குன்னு ஊரக் கூட்டிரும்" என்றாள் இன்னொருத்தி.

"குடிச்சிட்டு வார மனுசன்கிட்ட ஒறையக் காட்டுனா ஒதைதான் விழும்" என்றாள் மூன்றாவது பெண். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மாணவியருக்கு எப்படி மொழிபெயர்ப்பது? சொன்னதைச் சொன்னேன், சிரிக்கிறார்கள், ஆனால் வேடிக்கைக்காக இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

இவர்களில் ஒருத்திக்கும் விழிப்புணர்வு குறைவில்லை. சிகிச்சை என்ன, எத்தனை நாளில் ஆறும், ஆறுவதற்குள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். தெரிந்ததால்தான் போகவில்லை. என்றோ வரக்கூடிய புற்றுநோய் ஒரு தட்டில், இன்றிரவு விழப்போகும் அடி மறு தட்டில். நிறுத்துப் பார்த்துத்தான் முடிவெடுத்திருந்தார்கள். தன் உடம்பை நாலு வாரம் தனக்கென்று வைத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு உரிமையில்லாத வீட்டில், எந்தச் சிகிச்சைதான் இலவசமாகக் கிடைத்துவிடும்? நம் சட்டத்திலும் அந்த உரிமை அரைகுறைதான். 18 வயதைக் கடந்த மனைவியை அவள் சம்மதமில்லாமல் கணவன் சேர்ந்தால் இந்தியச் சட்டம் அதை வன்புணர்வு என்று இன்னும் சொல்வதில்லை.

மாணவியரில் ஒருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் திண்ணைத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்குத் திரும்பும் வழியில், "இதை எந்தக் கட்டத்தில் போடுவது?" என்று என்னிடம் கேட்டாள். கேள்வி நேர்மையானது.

அன்றிரவு குழுவில் வாக்குவாதம் நடந்தது. தொலைபேசியில் அவர்களுடைய ஆசிரியரிடமும் பேசினார்கள். முடிவில் ஒரு சொல் வந்தது: 'ஸ்கோப்'. திட்டத்தின் வரம்பு. நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து கையெழுத்திட்ட தாளில் இருந்தது முகாம் நிர்வாகமும் தகவல் தொடர்பும் மட்டுமே. கணவன் மனைவிக்கு இடையில் நடப்பது வரம்புக்கு வெளியே. மூன்று வாரத்தில் தீராத ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவது பொறுப்பில்லாத வேலை என்றார் ஒரு மாணவர். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் வரம்பு என்ற தமிழ்ச் சொல்லை எனக்கு வயலில்தான் தெரியும். வயலைப் பிரிக்க வரப்பு கட்டுகிறவர்கள், தண்ணீர் போக மடை வைத்துத்தான் கட்டுவார்கள். மடையில்லாத வரப்பு பயிரைக் காயவைக்கும்.

*

கடைசி நாள் நிறுவனத்தின் கூடத்தில் அறிக்கையை வாசித்தார்கள். 42 ஸ்லைடுகள். நிறுவனத்தின் நிர்வாகிகள் முன்வரிசையில். களப்பணியாளர்கள் ஐவரும் பின்னால் வடையும் தேநீரும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் ஆங்கிலத்தில் என்பதால் அவர்கள் இருக்க வேண்டியதில்லை என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். அவர்களும் உட்காரட்டும், நான் பக்கத்திலிருந்து சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்தார்கள்.

அறிக்கை மோசமில்லை. முகாமை மாலைக்கு மாற்றலாம், பேருந்துக் கட்டணம் கொடுக்கலாம், பரிசோதனை அறைக்குத் திரை போடலாம், குறுஞ்செய்தியில் நினைவூட்டலாம், விழிப்புணர்வுக் காணொளி தயாரிக்கலாம். திண்ணைப் பேச்சு 38ஆம் ஸ்லைடில் இருந்தது: 'பாலினம் சார்ந்த சமூக வழக்கங்கள், எதிர்கால ஆய்வுக்கு உரியது.' அவ்வளவுதான்.

கேள்வி நேரத்தில் நிர்வாகிகள் காணொளிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். அதன்பின் பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தமிழில் பேசினார்.

"நாங்க சொன்னதத்தான் பூராவும் எங்களுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கீக. படமெல்லாம் நல்லா இருக்கு. அந்த நாலு வாரத்த மட்டும் காணோமே, அது எங்க போச்சு?"

நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். கூடம் அமைதியானது. தூணைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாணவி எழுந்து, "அது 38ஆம் ஸ்லைடில் இருக்கிறது, ஆனால் அங்கே இல்லை" என்றாள். அக்காவுக்கு நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது. "அப்ப அதுக்கு என்ன செய்யலாம்னு நாங்க சொல்றோம், எழுதிக்கிருங்க" என்றார்.

அவர் சொன்னது ஒரு சீட்டு. சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் போட்டு, கணவன் கையில் கொடுக்கும்படி ஒரு தமிழ்ச் சீட்டு. மனைவிக்குச் சிறு சிகிச்சை நடந்திருக்கிறது; நாலு வாரம் சேர்க்கை கூடாது; நீர் படுவது இயல்பு, அது நோயில்லை. "நாங்க சொன்னா அது எங்க வாய். டாக்டர் எழுதுனா அது சட்டம்" என்றார் அக்கா. முடிந்தவரை கணவனையும் அன்று மருத்துவமனைக்கு வரச் சொல்லி, ஆண் ஊழியர் ஒருவர் அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது இன்னொரு களப்பணியாளரின் யோசனை. மொத்தத்தில் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். 42 ஸ்லைடுகளில் இல்லாத 43ஆவதை அவர்கள் நின்றபடியே தந்தார்கள்.

ஒரு பெண்ணின் 'முடியாது' என்பதற்கு மருத்துவரின் கையெழுத்து தேவைப்படுகிறது என்பது எனக்குக் கசக்கத்தான் செய்தது. அது விடுதலை இல்லை. நான் அதை அக்காவிடம் சொன்னபோது, "விடுதல வார வரைக்கும் உசுரோட இருக்கணும்ல டீச்சர்?" என்றார். பெண்ணியத்தை நூல்களில் படித்தவளுக்கும், பதினேழு வருடம் நடந்து படித்தவருக்கும் உள்ள வேறுபாடு அது. நான் வாதாடவில்லை.

*

இப்படிப்பட்ட மாணவர்கள் வரவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் இவான் இல்லிச், உதவப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களிடம் முகத்துக்கு நேராகவே அதைச் சொன்னார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்டதால்தான் அந்தத் திண்ணையில் அந்தப் பேச்சு நடந்தது. உள்ளூர் அதிகாரியிடம் வாய் திறக்காதவர்கள், நாளை ஊரைவிட்டுப் போய்விடும் ஒரு பெண்ணிடம் மனம் திறந்தார்கள். அது பெரிய நம்பிக்கை. அதைப் பெற்றுக்கொண்டவர்களுக்குக் கடனும் உண்டு.

உலகச் சுகாதாரப் பயிற்சிகளுக்கான நெறிமுறைகள் 2010இல் ஒரு வல்லுநர் குழுவால் வெளியிடப்பட்டன. மாணவர்களை ஏற்கும் இடத்துக்கு நேரும் செலவை வெளிப்படையாகக் கணக்கிட வேண்டும், நன்மை இரு பக்கமும் சேர வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஆலோசனைத் திட்டங்கள் பல இடங்களில் வகுப்புப் பணியாகவே கருதப்படுகின்றன. ஆய்வு என்ற கணக்கில் வராததால் நெறிக்குழுவின் ஒப்புதல் அவற்றுக்குக் கேட்கப்படுவதில்லை. எங்கள் திண்ணையில் பேசிய பெண்களிடம் சம்மதம் கேட்கும் தாள்கூட இருக்கவில்லை. அக்காவின் மீதிருந்த நம்பிக்கைதான் சம்மதமாக இருந்தது.

ஆகவே அடுத்த முறை ஒரு குழு வருமானால் சில நிபந்தனைகள் எனக்கு உண்டு. களப்பணியாளர்களின் அந்த மூன்று வார நேரத்துக்குக் கூலி, திட்டத்தின் செலவிலேயே வேண்டும். கேள்வியை எழுதும் தாளிலேயே அவர்களும் கையெழுத்திட வேண்டும். எது வரம்பு என்பதில் அவர்களுக்கும் சொல் வேண்டும். அறிக்கை முதலில் தமிழில், பேட்டி கொடுத்த ஊரில், வாசிக்கப்பட வேண்டும். ஆங்கிலக் கூடம் அதற்குப் பிறகு. மதிப்பெண் போடும் ஆசிரியர் அந்த வாசிப்பில் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் கேட்க வேண்டும். இவை எதற்கும் பெரிய செலவில்லை. வாடிக்கையாளர் யார் என்ற எண்ணத்தை மாற்றினால் போதும்.

அந்த நிறுவனத்தில் இப்போது முகாம் மாலை நான்கு மணிக்கு நடக்கிறது. பரிசோதனை அறையில் பச்சைத் திரை தொங்குகிறது. காணொளி எடுக்கப்படவில்லை. ஊருக்குத் திரும்பிய அந்த மாணவி, அக்காவின் யோசனையை அறிக்கையின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, யோசனை யாருடையது என்று ஐந்து பெயர்களையும் எழுதித் திருத்திய பிரதியை அனுப்பினாள். தமிழ்ச் சீட்டின் வாசகத்தை எழுதிக் கொடுத்தது நான். என் கவிதைகளைவிட அதிகம் பேர் படித்த எழுத்து அதுவாகத்தான் இருக்கும்.

சென்ற தையில் அக்காவைச் சந்தையில் பார்த்தேன். சீட்டு எப்படிப் போகிறது என்று கேட்டேன். சில வீடுகளில் வேலை செய்கிறது, சில வீடுகளில் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள் என்றார். கிழித்த வீட்டுக்கு இவரே ஆண் ஊழியரைக் கூட்டிக்கொண்டு போகிறாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒருத்தி வந்து கேக்குறா டீச்சர், அந்த நாலு வாரத்த எட்டு வாரம்னு எழுதித் தர முடியுமான்னு."